3 கவுண்டர் போதும் என்று கணக்கு சொல்கிறது, ஓபி வரிசை மட்டும் ஏன் கரையவில்லை?

தக்கலை_ஓபி_மேசை

வணக்கம். தக்கலைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் ஓபி பதிவு பற்றிய கேள்வி. வரிசைக் கோட்பாடு தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

காலை 8:30 முதல் 11:00 வரை சுமார் 100 பேர் ஓபி சீட்டு எடுக்க வருகிறார்கள். கவுண்டர் 3, ஒவ்வொன்றின் முன்னும் தனித்தனி வரிசை. புதியவருக்கு 6 நிமிடம், ரிவ்யூவுக்கு வருபவருக்கு 3 நிமிடம் ஆகிறது. மூன்றில் ஒருவர் புதியவர், ஆகச் சராசரி 4 நிமிடம்.

நிர்வாகம் சொல்வது இதுதான்: மணிக்கு 40 பேர் வருகிறார்கள், ஒரு கவுண்டர் மணிக்கு 15 பேரை அனுப்பும், 3 கவுண்டர் 45 பேரை அனுப்பும். 40-ஐ விட 45 பெரிது, எனவே ஆள் போதும், ஊழியர்கள்தான் மெதுவாக வேலை செய்கிறார்கள். ஆனால் 9:20 வாக்கில் வந்து பார்த்தால் ஒருவர் 25 நிமிடத்துக்கும் மேல் நிற்கிறார். ஊழியர்கள் தலை நிமிராமல்தான் வேலை பார்க்கிறார்கள்.

கேட்க விரும்புவது மூன்று. தனித்தனி வரிசையை ஒரே வரிசையாக்கினால் எவ்வளவு குறையும்? நான்காவது கவுண்டர் நிஜமாகவே தேவையா? மருந்துக் கவுண்டரில் 2 பேர் இருக்கிறார்கள், அதில் ஒன்றை "3 மருந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்" என்று ஒதுக்க யோசனை இருக்கிறது. அது சரிவருமா?

நாஞ்சில்_எர்லாங்

"40-ஐ விட 45 பெரிது" என்பது வரிசை முடிவில்லாமல் வளராது என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லாது. ஆட்கள் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருவர் என்று கடிகாரம் பார்த்து வருவதில்லை, வேலையும் எல்லோருக்கும் சரியாக 4 நிமிடத்தில் முடிவதில்லை. ஒரு கவுண்டர் 5 நிமிடம் சும்மா இருந்தால் அந்த 5 நிமிடம் போனது போனதுதான், பிறகு கூட்டம் வரும்போது எடுத்துக் கொடுக்க முடியாது. வரிசை பிறப்பது அங்கேதான்.

உங்கள் வேலைச்சுமை 40 ÷ 45, அதாவது 89 சதவீதம். இந்த இடத்தில் எதைத் தொட்டாலும் காத்திருப்பு பெரிதாக அசையும்.

கணக்கை எக்செல்லில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரம்தான் அடிப்படை. படிப்படியாகப் போனால் எளிது:

முதலில் சுமை: மணிக்கு 40 பேர் × 4 நிமிடம் ÷ 60 = 2.667. இதை "அ" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டத்தில் 1 என்று போடுங்கள். அடுத்த கட்டம் = அ × முந்தைய கட்டம் ÷ (கவுண்டர் எண் + அ × முந்தைய கட்டம்). இப்படியே கீழே இழுத்தால் 1-வது கவுண்டருக்கு 0.727, 2-வதுக்கு 0.492, 3-வதுக்கு 0.304 வரும்.

கடைசி எண்ணை (1 − வேலைச்சுமை × (1 − அந்த எண்)) என்பதால் வகுங்கள், இங்கே வேலைச்சுமை என்பது மேலே சொன்ன 0.889. 0.304 ÷ 0.382 = 0.80. உள்ளே வருபவர்களில் 80 சதவீதம் பேர் நிற்கத்தான் வேண்டியிருக்கும் என்று இதற்குப் பொருள்.

அதை (45 − 40) ஆல் வகுத்தால் மணிக்கணக்கில் சராசரிக் காத்திருப்பு: 0.80 ÷ 5 = 0.16 மணி, சுமார் 9.6 நிமிடம். இது ஒரே வரிசையில் நின்று, காலியாகும் கவுண்டருக்குப் போகும்போது.

இப்போது உள்ளபடி தனித்தனி மூன்று வரிசை என்றால் ஒவ்வொன்றும் மணிக்கு 13.3 பேர் வரும் தனிக் கவுண்டர். அங்கே காத்திருப்பு 0.889 ÷ (15 − 13.33) = 0.533 மணி, அதாவது 32 நிமிடம். அதே ஊழியர், அதே நோயாளி, அதே வேகம்தான். பக்கத்து வரிசை ஓடுகிறதே என்று ஆட்கள் தாவுவார்கள் அல்லவா, அதனால் நிஜத்தில் 32-க்கும் 9.6-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஆனால் தாவ முடிந்தவர் யார் என்று பாருங்கள். கைத்தடி ஊன்றி நிற்கும் பாட்டி தாவப் போவதில்லை.

நான்காவது கவுண்டர் சேர்த்து ஒரே வரிசை வைத்தால் அதே முறையில் 1.1 நிமிடம்தான் வரும். கவுண்டர் சேர்க்காமல் சராசரி வேலை நேரத்தை 4-லிருந்து 3.5 நிமிடமாக்கினால் 3.2 நிமிடம். அரை நிமிடம் குறைப்பதற்கு 6 நிமிடத்துக்கும் மேல் திரும்பக் கிடைக்கிறது. ஊழியரை வேகப்படுத்துவதைப் பற்றிச் சொல்லவில்லை, அவர் கையிலிருக்கும் தேவையில்லாத வேலையை எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த அரை நிமிடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒரு மணி நேரம் பாருங்கள். வழக்கமாக அகப்படுபவை: மூன்று கவுண்டருக்கும் ஒரே பிரிண்டர், சீட்டு அடித்தவர் நாற்காலியைத் திருப்பி, பக்கத்தவர் சீட்டு வெளியே வரும்வரை கையை நீட்டிக் காத்திருப்பார். பழைய ஓபி எண்ணை நோயாளி பையிலிருந்து தேடி எடுப்பது, போன் எண்ணைத் தட்டினாலே வந்துவிடும். சில்லறை. புதியவரிடம் பெயர், வயது, ஊர், தகப்பனார் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டுவது, அதற்கு ஒரு துண்டுப் படிவத்தை வரிசையிலேயே கொடுத்து நிரப்பச் சொல்லலாம். காப்பீட்டு அட்டைக்கு ஆவணம் குறைந்தால் கவுண்டரிலேயே நின்று வீட்டுக்குப் போன் போடுவது. இதை ஒரு உதவி மேசைக்கு மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் அப்படி ஒருவர் 15 நிமிடம் நின்றால் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் அது ஏறும்.

தக்கலை_ஓபி_மேசை

மிக்க நன்றி அண்ணாச்சி. எக்செல்லில் போட்டேன், அதே எண்கள் வருகின்றன. இரண்டு சந்தேகம். ஹால் குறுகல், ஒரே வரிசை நிற்க இடமில்லை, வயதானவர்களை நிற்க வைக்கவும் மனம் வரவில்லை. இன்னொன்று, கர்ப்பிணிகளையும் மிகவும் முதியவர்களையும் முன்னால் விடச் சொன்னால் மற்றவர்கள் பாதிக்கப்படுவார்களா?

நாஞ்சில்_எர்லாங்

ஒரே வரிசை என்றால் ஒரே கயிறு என்று இல்லை. டோக்கன் எண் கொடுத்து உட்கார வையுங்கள், கோட்பாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் டோக்கனில் ஒரு குழி இருக்கிறது. எண்ணைக் கூப்பிட்டதும் ஆள் எழுந்து, பையை எடுத்து, நடந்து வர 20 நொடி ஆகும், முதியவருக்கு 40 நொடி. அந்த நேரம் கவுண்டர் சும்மா இருக்கும், எனவே அது வேலை நேரத்தோடு சேரும். மேலே அரும்பாடுபட்டுக் குறைத்த அரை நிமிடம் இதிலேயே போய்விடும்.

அதற்கு வழி: கவுண்டருக்கு இரண்டடி தள்ளி 3 நாற்காலி போட்டு வேறு நிறம் அடியுங்கள். "அடுத்து இவர்கள்" என்று 3 எண்ணை முன்னதாகவே கூப்பிட்டு அங்கே உட்கார வையுங்கள். கூப்பிட்டும் வராதவர் எண்ணை 20 நொடிக்கு மேல் காத்திருக்காமல் தாண்டுங்கள், அவர் வந்ததும் அடுத்த ஆளாக எடுங்கள். அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பினால் சண்டை வரும், அந்தச் சண்டையும் வேலை நேரம்தான். கேரள எல்லையோரம் களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்திலிருந்து வருபவர்கள் இருந்தால் எண்ணை மலையாளத்திலும் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். புரியாமல் உட்கார்ந்திருப்பவருக்காகக் கவுண்டர் சும்மா இருக்கக் கூடாது.

முன்னுரிமை: 10 சதவீதம் பேருக்குக் கொடுத்தால் அவர்கள் காத்திருப்பு சுமார் 1.2 நிமிடம், மற்றவர்களுடையது 9.6-லிருந்து 10.5 நிமிடமாகும். தாராளமாகக் கொடுங்கள். 30 சதவீதம் பேருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் 13 நிமிடம் நிற்பார்கள். எல்லோருக்கும் வேலை நேரம் ஒரே மாதிரி என்றால் மொத்தக் காத்திருப்பை முன்னுரிமை குறைக்காது, ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றும். எனவே "தெரிந்தவர்", "ஊழியரின் சொந்தக்காரர்" என்று பட்டியல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு முன்னுரிமை என்று சுவரில் எழுதி ஒட்டினால் பாதி வாக்குவாதம் குறையும்.

குழித்துறை_கணக்கு

மேலே உள்ள கணக்கில் ஒரு முக்கியமான இடம் விட்டுப்போயிருக்கிறது. 8:30 முதல் 11 வரை மணிக்கு 40 பேர் என்பது சராசரி. ஓபியில் அப்படிச் சீராக யாரும் வருவதில்லை. எர்லாங் சூத்திரம் வருகையின் சராசரி வேகம் மாறாமல் இருக்கும்போதுதான் பொருந்தும், நெருக்கடி நேரத்தில் அது குறைவாகக் காட்டும்.

முதலில் அளந்து பாருங்கள். வாசலில் ஒருவரை உட்கார வைத்து 10 நிமிடத்துக்கு எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று கோடு போடச் சொல்லுங்கள். சீட்டு அடித்த நேரத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வருகை நேரம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், எல்லோரும் விழும் குழி அதுதான். சீட்டு நேரம் கவுண்டரின் வேகத்தைக் காட்டும், வரிசை நீண்டிருக்கும்போது அது எப்போதும் மணிக்கு 45 என்றே சொல்லும். கதவு திறக்கும்போதே வெளியே நிற்பவர்களை முதல் கட்டத்தில் சேருங்கள். ஒரு வாரம் எடுங்கள், திங்கள்கிழமையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு உங்கள் 100 பேரில் முதல் மணி நேரத்தில் 60 பேர் வருவதாக வைப்போம்: 10 நிமிடத்துக்கு 8, 11, 14, 12, 9, 6. மீதி 40 பேர் அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் சீராக. 3 கவுண்டர் 10 நிமிடத்தில் அனுப்புவது 7.5 பேர். வந்தவரைக் கூட்டி, போனவரைக் கழித்துக்கொண்டே வாருங்கள். தேங்குபவர்கள்: 0.5, 4, 10.5, 15, 16.5, 15. 9:20-க்கு 16.5 பேர் தேங்கி நிற்கிறார்கள், அப்போது உள்ளே நுழைபவர் 16.5 ÷ 45 மணி, அதாவது 22 நிமிடம் நிற்பார். இதில் அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் எதுவும் சேர்க்கவில்லை. எல்லாம் கச்சிதமாக நடந்தாலே 22 நிமிடம். தேக்கம் கரைய 10:20 ஆகும். நீங்கள் சொன்ன 25 நிமிடத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது அல்லவா? ஊழியர் மேல் குற்றம் இல்லை.

இப்போது இதே பட்டியலில் மாற்றிப் பாருங்கள். வேலை நேரத்தை 3.5 ஆக்கினால் உச்சக் காத்திருப்பு 14 நிமிடம். நான்காவது கவுண்டரை 8:30 முதல் 9:30 வரை மட்டும் திறந்தால் 7 நிமிடம். இரண்டும் செய்தால் 3 நிமிடம். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: முழுநேர நான்காவது ஆள் தேவையில்லை, ஒரு மணி நேரம் உட்காரும் ஆள் தேவை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையிலிருந்தோ, காப்பீட்டுக் கோப்பு பார்ப்பவரிலிருந்தோ ஒருவரை அந்த ஒரு மணி நேரத்துக்கு மாற்றலாம். அவரை 8:30-க்கே உட்கார வையுங்கள். "கூட்டம் சேர்ந்ததும் கூப்பிடுகிறோம்" என்று 9:10-க்கு அழைத்தால் தேக்கம் ஏற்கெனவே 15 பேர், அதைக் கரைக்கவே அவர் நேரம் போய்விடும். நான்கு கவுண்டர் என்றால் அதற்குக் கம்ப்யூட்டர், பிரிண்டர், லாகின் எல்லாம் முந்தின நாளே தயாராக இருக்க வேண்டும்.

பஸ்ஸையும் கவனியுங்கள். குலசேகரம், கருங்கல் பஸ் வந்து நின்றால் 6 பேர் ஒன்றாக இறங்குவார்கள். ஒரே 10 நிமிடக் கட்டத்தின் எண்ணிக்கையைப் பல நாட்களுக்கு எடுத்து, அவற்றின் மாறுபாட்டை (எக்செல்லில் VAR) சராசரியால் வகுத்துப் பாருங்கள். 1-க்குப் பக்கத்தில் வந்தால் தனித்தனியாக வருகிறார்கள் என்று கொள்ளலாம், எர்லாங் கணக்கு செல்லும். 2, 3 என்று போனால் கும்பலாக வருகிறார்கள், கணக்கு காட்டுவதை விட வரிசை அதிகமாக இருக்கும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டாப்வாட்ச் வேண்டாம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஹாலில் சீட்டுக்காகக் காத்திருப்பவர் தலையை எண்ணுங்கள். இரண்டரை மணி நேரச் சராசரி 8 பேர் என்றால், 8 ÷ 40 மணி, சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி இது: உள்ளே இருப்பவர் எண்ணிக்கை = வருகை வேகம் × ஒருவர் இருக்கும் நேரம். வருகை எந்த மாதிரி இருந்தாலும், யாரை முதலில் எடுத்தாலும், காலையில் காலியாகத் தொடங்கிக் காலியாக முடிந்தால் பொருந்தும். நிர்வாகத்திடம் பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, அவர்களே வந்து எண்ணிப் பார்க்கலாம்.

படகுத்துறை

ஒரே வரிசை வைத்தால் பார்ப்பதற்கு நீளமாகத் தெரியும், அதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவார்கள் என்று ஒரு பயம் எப்போதும் உண்டு. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு வரிசையைப் பார்த்து மலைப்பவர்கள் மாதிரி. அந்தப் படகு வரிசைக்கும் இந்த எர்லாங் கணக்கு பொருந்துமா?

குழித்துறை_கணக்கு

படகுக்கு நேரடியாகப் பொருந்தாது. அங்கே ஆளுக்கு ஆள் சேவை இல்லை, கூட்டமாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வரிசை அரைமணி நேரம் அசையாமல் நின்று, பிறகு சட்டென்று நூறு அடி நகரும். அங்கே பார்க்க வேண்டியது மணிக்கு எத்தனை நடை, நடைக்கு எத்தனை இருக்கை, நடைகளுக்கு இடையே நேரம் சீராக இருக்கிறதா என்பது. படகில் இடம் இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு இடைவெளியில் பாதி. 20 நிமிடத்துக்கு ஒன்று என்று சீராகப் போனால் 10 நிமிடம். 5 நிமிடம், 35 நிமிடம் என்று மாறி மாறிப் போனால் சராசரி இடைவெளி அதே 20-தான், ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த 35 நிமிட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள், காத்திருப்பு 15 நிமிடத்தைத் தாண்டிவிடும். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் இரண்டு பஸ் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்விட்டு பிறகு வெகுநேரம் ஒன்றும் வராததும் இதேதான்.

பாறையில் லிட்டில் விதியைப் போட்டுப் பாருங்கள், அருமையாக வரும். மணிக்கு 300 பேர் போய், ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் இருந்தால் அங்கே எந்நேரமும் 300 பேர். திருவள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள் அல்லவா? அதனால் ஒருவர் ஒன்றரை மணி நேரம் இருந்தால், படகு ஒன்றுகூடக் கூடாமலேயே 450 பேர் ஆகிவிடும். நிழல், குடிநீர், கழிப்பறை எல்லாம் 450-க்கு வேண்டும். கடல் கொந்தளித்துப் படகை நிறுத்தினால் திரும்ப வர வேண்டியவர்களும் அந்த 450 பேர்தான்.

ஓபிக்கு வருவோம். நீளமாகத் தெரிவது பற்றிய பயத்துக்கு டோக்கனே மருந்து. எண்ணோடு "உங்களுக்கு முன் 6 பேர்" என்று அச்சடித்துக் கொடுங்கள். நிமிடக் கணக்கை அச்சடிக்க வேண்டாம், ஒரு நாள் தப்பினாலும் மறுநாள் யாரும் நம்ப மாட்டார்கள்.

மருந்துச்சீட்டு

மருந்துக் கவுண்டர் கேள்விக்கு யாரும் வரவில்லை, அதைச் சொல்கிறேன். தயவுசெய்து ஒன்றைத் தனியாக ஒதுக்காதீர்கள், குறைந்தபட்சம் இந்தக் கணக்கைப் பார்க்கும்வரை.

மணிக்கு 24 பேர் என்று வைப்போம். 70 சதவீதம் பேர் சின்னச் சீட்டு (3 மருந்துக்குக் கீழே), சரியாக 2 நிமிடம். 30 சதவீதம் பேர் நீளச் சீட்டு, சரியாக 8 நிமிடம். சராசரி 3.8 நிமிடம். இரண்டு கவுண்டர், ஒரே வரிசை என்றால் வேலைச்சுமை 76 சதவீதம், காத்திருப்பு சுமார் 4 நிமிடம்.

பிரித்துப் பாருங்கள். சின்னச் சீட்டுக் கவுண்டருக்கு மணிக்கு 16.8 பேர் × 2 நிமிடம், சுமை 56 சதவீதம், காத்திருப்பு 1.3 நிமிடம். பிரமாதம். நீளச் சீட்டுக் கவுண்டருக்கு 7.2 பேர் × 8 நிமிடம் = 57.6 நிமிடம். மணிக்கு 60 நிமிடத்தில் 57.6 நிமிட வேலை, சுமை 96 சதவீதம். வேலை நேரம் மாறாத ஒற்றைக் கவுண்டருக்கான சூத்திரம் காட்டும் காத்திருப்பு 96 நிமிடம். ஒரு காலை நேரத்துக்குள் அந்த அளவை எட்டாது, ஆனால் வரிசை 9 மணியிலிருந்து 1 மணிவரை வளர்ந்துகொண்டேதான் போகும். நீளச் சீட்டு வைத்திருப்பவர் யார்? சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் என்று மாதாமாதம் வரும் முதியவர். அவரை வெகுநேரம் நிறுத்திவிட்டு, பக்கத்துக் கவுண்டர் பாதி நேரம் சும்மா இருக்கும். அவர் கண்ணெதிரே.

சின்னச் சீட்டுக்காரருக்கும் நல்லது செய்யலாம், கவுண்டரை ஒதுக்காமலேயே. இரண்டு கவுண்டரும் எல்லாச் சீட்டையும் எடுக்கட்டும். ஆனால் ஒரு கவுண்டர் காலியானதும், காத்திருப்பவர்களில் சின்னச் சீட்டு இருந்தால் அதை முதலில் எடுக்கட்டும், இல்லையென்றால் நீளச் சீட்டு. கையிலிருக்கும் வேலையை நடுவில் விடக் கூடாது. இப்படிச் செய்தால் சின்னச் சீட்டுக்கு 1.3 நிமிடம், நீளச் சீட்டுக்கு 5.5 நிமிடம். ஒதுக்கினால் கிடைக்கும் அதே வேகம் சின்னச் சீட்டுக்கு, நீளச் சீட்டுக்கும் அநியாயம் இல்லை. நடைமுறையில் இரண்டு தட்டு போதும், ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. சீட்டை வாங்கும்போதே தட்டில் பிரித்துவிடலாம். ஒரு காப்பு மட்டும் வையுங்கள்: நீளச் சீட்டு ஒன்று 10 நிமிடத்துக்கு மேல் கிடந்தால் அடுத்து அதுதான்.

மருந்துச் சீட்டை டாக்டர் அறையிலிருந்தே கம்ப்யூட்டரில் அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. நோயாளி ஊசி போட்டு, பில் கட்டி நடந்து வருவதற்குள் அலமாரியிலிருந்து எடுத்து வைத்துவிடலாம். கவுண்டரில் செய்வது சரிபார்ப்பதும், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வதும் மட்டும். ஒரு வேண்டுகோள்: நேரம் குறைக்கப் போகிறோம் என்று அந்தச் சரிபார்ப்பில் கை வைக்காதீர்கள். பெயர் ஒத்துப்போகும் மருந்து, மில்லிகிராம் மாறிய மாத்திரை எல்லாம் பிடிபடுவது அந்த அரை நிமிடத்தில்தான். எடுக்கும் நேரத்தையும் தேடும் நேரத்தையும் குறையுங்கள், பார்க்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

தக்கலை_ஓபி_மேசை

மருந்துக் கவுண்டர் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது, அந்த யோசனையை நிறுத்திவைக்கச் சொல்கிறேன். வாசலில் 10 நிமிடக் கோடு போடுவதை வரும் திங்கள் தொடங்குகிறோம். டோக்கன், நிற நாற்காலி, இன்னொரு பிரிண்டர், 8:30 முதல் 9:30 வரை நான்காவது ஆள். இவ்வளவும் எழுதிக் கொடுக்கிறேன்.

நிர்வாகத்திலிருந்து வரப்போகும் கேள்வி தெரியும்: நான்கு பேர் இருந்தால் 10 மணிக்கு மேல் சும்மாதானே இருப்பார்கள்?

நாஞ்சில்_எர்லாங்

9:30-க்கு நான்காமவர் எழுந்து போய்விடுகிறார், மீதி மூவருக்கு மணிக்கு 27 பேர், சுமை 60 சதவீதம். மணிக்கு 24 நிமிடம் கை ஓய்வாக இருக்கும். அது வீணல்ல, திடீரென்று பஸ் கூட்டம் வந்தால் தாங்குவது அந்த ஓய்வுதான். அதில் வேலை கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஆள் வந்ததும் பட்டென்று கீழே வைக்கக்கூடிய வேலையாகக் கொடுங்கள்: கோப்பு அடுக்குவது, மறுநாள் ரிவ்யூ பட்டியல் எடுப்பது. பணக் கணக்கு முடிப்பதைக் கொடுக்காதீர்கள். "கொஞ்சம் இருங்க, எண்ணி முடிச்சுடறேன்" என்று தொடங்கினால் அது வேலை நேரத்தில் ஏறிவிடும்.

குழித்துறை_கணக்கு

இன்னொன்றும் நிர்வாகத்திடம் கேளுங்கள். டாக்டர்கள் எத்தனை மணிக்கு உட்காருகிறார்கள்? 9:30 என்றால், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே இத்தனை பேர் ஏன் ஓடி வருகிறார்கள்? ஓபி எண்ணின் வரிசைப்படி டாக்டர் பார்ப்பதால்தான். முதலில் வந்தவருக்கு முதல் எண், எனவே எல்லோரும் வெள்ளன வருகிறார்கள். அந்த நெருக்கடியை உண்டாக்குவது நம் விதியேதான்.

ரிவ்யூவுக்கு வருபவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. அவர்களுக்கு முந்தின முறை போகும்போதே நேரம் எழுதிக் கொடுங்கள்: "வியாழன் 10:20". அந்த நேரத்துக்கு உரிய இடம் அவருக்குக் காத்திருக்கும், 8:30-க்கு வந்தாலும் முன்னால் போக முடியாது. இரண்டு வாரம் இதைக் கறாராகக் கடைப்பிடித்தால்தான் ஆட்கள் நம்புவார்கள். முதல் வாரத்திலேயே யாரோ கெஞ்சினார் என்று விட்டால், மறுநாள் எல்லோரும் பழையபடி வெள்ளன வந்துவிடுவார்கள்.

நேரம் எழுதும்போது, ஒரு நோயாளிக்கு டாக்டர் 8 நிமிடம் எடுத்தால் முதல் இருவரை 9:30-க்கே வரச் சொல்லுங்கள், அடுத்தவர் 9:38, பிறகு 8 நிமிடத்துக்கு ஒருவர். பெய்லி, வெல்ச் என்ற இருவர் 1952-ல் பிரிட்டனில் ஆய்ந்து சொன்ன முறை. முதல் ஆள் வராவிட்டாலும் டாக்டர் சும்மா இருக்க வேண்டியதில்லை, கடைசி ஆளும் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் டாக்டர் 10 மணிக்குத்தான் வருவார் என்றால் 10 என்றே எழுதுங்கள். 9:30 என்று எழுதி அவர் அரைமணி நேரம் தாமதமாக வந்தால், அந்த அரைமணியைக் காலை முழுக்க வரும் ஒவ்வொரு நோயாளியும் சுமப்பார்.

புதியவர்களுக்கு மட்டும் வழக்கம் போல டோக்கன். மணிக்கு ஒன்றிரண்டு இடத்தை அவர்களுக்கென்று காலியாக விட்டு அட்டவணை போடுங்கள். எத்தனை இடம் விட வேண்டும் என்பது உங்கள் வாசல் கோட்டுப் பட்டியலில் கிடைக்கும். புதியவர், ரிவ்யூ என்று இரண்டு பத்தியாகக் கோடு போடச் சொல்லிவிடுங்கள், பட்டியல் வந்ததும் இங்கே போடுங்கள்.